மிக்ஸிங் அண்ணனும் மாறிப்போன டைம்லைனும்

"ஒரு எடிட்டிங் சாஃப்ட்வேர் மாத்தறதுக்கா இவ்ளோ அலப்பறை? ரெண்டு நாள் யூட்யூப் பாத்தா கைக்கு வந்துடும்!"

இந்த டயலாக்கை அடிக்கடி கேக்க வேண்டியிருக்கு. சொல்றது யாருன்னு பாத்தா பெரும்பாலும் நம்ம இனம்தான். அத்திப்பள்ளி தாண்டி எலக்ட்ரானிக் சிட்டிக்கு தினமும் பொட்டி தட்டப் போற கோஷ்டி. வருஷத்துக்கு ஒரு ஃப்ரேம்வொர்க் வருது, நாமளும் மாறிக்கிட்டே இருக்கோம், அதனால ஊர் உலகமே அப்படித்தான் மாறணும்னு ஒரு நினைப்பு. எனக்கு இதுல சுத்தமா உடன்பாடு இல்லை. கம்பெனி சம்பளத்துல, கம்பெனி நேரத்துல புதுசு கத்துக்கறவனுக்கும், அடுத்த முகூர்த்தத்துக்கு அட்வான்ஸ் வாங்கிட்ட மனுஷனுக்கும் ஒரே கணக்கு போட முடியாது.

ஓசூர்ல எனக்குப் பழக்கமான ஒரு ஸ்டுடியோ அண்ணன் இருக்கார். பேர் வேண்டாம், மிக்ஸிங் அண்ணன்னே வெச்சுக்குவோம். (விவரம் தெரியாதவங்களுக்கு: கல்யாண வீடியோ எடிட் பண்றதுக்கு நம்ம ஊர் ஸ்டுடியோ பாஷையில 'மிக்ஸிங்'னுதான் பேரு. ரெண்டு கேமராவை ஒரு மிக்ஸர் பொட்டியில குடுத்து டேப்புல ஏத்தின காலத்து வழக்கு. பொட்டி போயிடுச்சு, பேரு மட்டும் நிக்குது.) அண்ணன் பல வருஷமா எடியஸ் ஆளு. நம்ம பக்கம் கல்யாண வீடியோக்காரங்கள்ல பாதிப் பேருக்கு எடியஸ்தான் குலதெய்வம். ஜப்பான் கோபே நகரத்து கனோபஸ் கம்பெனி பண்ணினது, அப்புறம் கிராஸ் வேலி கைக்குப் போச்சு. அதோட பலம் ஒண்ணே ஒண்ணுதான். வேற வேற கேமராவுல, வேற வேற ஃபார்மேட்டுல எடுத்ததை எல்லாம் ஒரே டைம்லைன்ல கொட்டினாலும், ரெண்டரிங் கிண்டரிங்னு நம்மளை காக்க வைக்காம ஓடும். மாப்பிள்ளை அழைப்புல ஆரம்பிச்சு சாப்பாட்டுப் பந்தி வரைக்கும் மூணு மணி நேர வீடியோவை, சுமாரான கம்ப்யூட்டர்ல, ஒரு வாரத்துல முடிச்சுக் குடுக்கணும்னா இதை விட வேற என்ன வேணும்?

ஆனா காலம் மாறுது. இப்ப வர்ற மாப்பிள்ளை பொண்ணுங்களுக்கு மூணு மணி நேரம் வேண்டாம், மூணு நிமிஷம் போதும், சினிமா மாதிரி கலர் வேணும். கேண்டிட் எடுக்க வர்ற தம்பிங்க கொண்டு வர்ற ஃபுட்டேஜ் எல்லாம் வெளிறிப்போன லாக் ஃபுட்டேஜ். அதைக் கலர் பண்ணினாதான் முகம் தெரியும். அதனால அண்ணன் டாவின்சி ரிசால்வ் கத்துக்கணும்னு ஆயிடுச்சு. ஒரு காலத்துல லட்சக்கணக்கான டாலர் விலையில, பெரிய லேப்ல மட்டும் இருந்த கலர் கரெக்‌ஷன் சாதனம் அது. 2009ல பிளாக்மேஜிக் கம்பெனி வாங்கிச்சு, 2011ல இலவசப் பதிப்பு விட்டாங்க. அப்புறம் எடிட்டிங் சேந்துச்சு, 2017ல சவுண்டுக்கு ஃபேர்லைட், 2018ல எஃபெக்டுக்கு ஃப்யூஷன்னு ஒவ்வொண்ணா உள்ள வந்து, இப்ப அது ஒரு கூட்டுக் குடும்பம்.

நான் சும்மா பொழுதுபோக்கா வீடியோ வெட்டறவன். ஞாயித்துக்கிழமை ஆனா அண்ணன் ஸ்டுடியோல உக்காந்திருப்பேன். அண்ணன் ஒரு நாள் சொன்னார்: "தம்பி, பட்டன் எல்லாம் எங்க இருக்குன்னு தெரிஞ்சிடுச்சு. கைதான் போக மாட்டேங்குது."

இதுதாங்க விஷயமே. புது சாஃப்ட்வேர்ல தெரியாத பட்டனால பிரச்சனை வர்றதே இல்லை. தெரியாததைத் தேடுவோம், கண்டுபிடிப்போம். தெரிஞ்ச மாதிரி இருக்கறதுதான் காலை வாரி விடும். எடியஸ்ல 'சி' கீயைத் தட்டினா, கர்சர் நிக்கிற இடத்துல கிளிப் டக்குன்னு ரெண்டா வெட்டிடும். பிரீமியர்ல அதே 'சி'யைத் தட்டினா வெட்டாது, பிளேடை எடுத்து கையில குடுக்கும், அவ்வளவுதான். ரிசால்வ்ல பிளேடுக்கு 'பி'. ஒரு கல்யாணத்துக்கு ஆயிரம் வெட்டு வெட்டற கைக்கு இது சின்ன விஷயம் இல்லை. மூளைக்குச் சொல்லிப் புரிய வெச்சிடலாம், விரலுக்கு யார் சொல்றது?

நம்ம சிப்காட் பக்கம் லேத் பட்டறையில வேலை பாக்கற யாரைக் கேட்டாலும் இதே கதையைச் சொல்லுவாங்க. சிஎன்சி மெஷின்ல ஜி-கோட் இருக்குல்ல, ஜி00 போட்டா வேகமா நகரும், ஜி01 போட்டா நேர்கோட்டுல வெட்டும், ஜி02, ஜி03 வளைவு, எம்03 போட்டா ஸ்பிண்டில் சுத்தும். ஃபனக் கன்ட்ரோலர் ஆனாலும் சீமென்ஸ் ஆனாலும் இந்த அடிப்படை மாறாது. அதனால ஒரு டர்னர் பேகேபள்ளி பட்டறையில இருந்து சூளகிரி பக்கம் வேற கம்பெனிக்கு மாறினா, அவரோட அனுபவமும் கூடவே வண்டி ஏறிடும். ஆனா ஒரே ஒரு உதாரணம் பாருங்க. ஃபனக் லேத்துல ஜி71னா மெட்டீரியலைப் படிப்படியா செதுக்கி எடுக்கற சைக்கிள். சீமென்ஸோட சொந்த பாஷையில ஜி71னா 'அளவெல்லாம் மில்லிமீட்டர்ல'ன்னு அர்த்தம்! அதே எண், சம்பந்தமே இல்லாத வேலை. இந்த இம்சைக்காகவே சீமென்ஸ்ல ஐஎஸ்ஓ மோடுன்னு ஒண்ணு வெச்சிருக்காங்க. அதைப் போட்டா ஃபனக் மாதிரி நடந்துக்கும். ரிசால்வ்லயும் இதே மாதிரி கீபோர்டை பிரீமியர் மாதிரி, ஃபைனல் கட் மாதிரி, அவிட் மாதிரி மாத்திக்கற வசதி இருக்கு. அந்தப் பட்டியல்ல எடியஸ் கிடையாது என்பது நம்ம அண்ணன்களோட தலையெழுத்து. ஒவ்வொரு கீயா நாமளே உக்காந்து மாத்திக்க வேண்டியதுதான். மாத்திக்கறதுல தப்பே இல்லைங்கறது என் கட்சி. "ஒரிஜினல் ஷார்ட்கட்டைத்தான் பழகணும்"னு யூட்யூப் வாத்தியாருங்க சொல்றதைக் கேக்காதீங்க. வயித்துப்பாட்டுக்கு வேலை செய்யறவனுக்கு தூய்மைவாதம் எதுக்கு?

எடிட்டிங்லயும் ஜி-கோட் மாதிரி கொஞ்சம் பொதுச்சொத்து இருக்கு. 'ஜே' பின்னால ஓட்டும், 'கே' நிறுத்தும், 'எல்' முன்னால ஓட்டும். 'ஐ' போட்டா ஆரம்பம், 'ஓ' போட்டா முடிவு. எடியஸ், பிரீமியர், அவிட், ரிசால்வ், இலவச கேடன்லைவ் வரைக்கும் எல்லாத்துலயும் இதே அஞ்சு கீதான். அண்ணனுக்கு ரிசால்வ்ல முதல் நாள் உயிர் வந்ததே இந்த அஞ்சு கீ வேலை செஞ்சப்பதான்.

இன்னொரு ஆச்சரியமும் நடந்துச்சு. ரிசால்வ்ல கலர் பண்றது லேயர் லேயரா இல்லை, நோடு நோடா கோத்துப் பண்ணணும். கேண்டிட் தம்பிங்களே இங்க வந்துதான் முழிப்பாங்க. நான் அண்ணன்கிட்ட சொன்னேன்: "அண்ணா, இதை சாஃப்ட்வேரா பாக்காதீங்க. அப்பல்லாம் டெக்குல இருந்து மிக்ஸருக்கு, மிக்ஸர்ல இருந்து டிவிக்கு வயர் குத்துவீங்கல்ல, அதுதான் இது." அண்ணன் ரெண்டு நிமிஷம் ஸ்க்ரீனையே பாத்தார். "அட, இதுக்கா பயந்தேன்? இது நம்ம பழைய பொழப்புடா தம்பி!" அன்னிக்கு சாயங்காலமே நாலு நோடு போட்டு முகத்துக்கு ஒண்ணு, பட்டுப்புடவைக்கு ஒண்ணுன்னு தனித்தனியா கலர் பண்ணிட்டிருந்தார்.

ஆக, கைக்கு வர்றது கொஞ்ச நாள் விஷயம்னு நானும் ஒத்துக்கறேன். ஆனா 'ரெண்டு நாள்' கோஷ்டி கணக்குல விட்டுடறது ஒண்ணு இருக்கு. கூட எடுத்துட்டுப் போக முடியாத சொத்து.

அண்ணன்கிட்ட ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கு. நெட் கனெக்‌ஷன் கிடையாது, அப்டேட் கிடையாது, பழைய எடியஸ் அப்படியே உக்காந்திருக்கு. எதுக்குண்ணா இந்தக் குப்பைன்னு யாராவது கேட்டா, சிரிச்சுட்டு விட்டுடுவார். எனக்கு விஷயம் தெரியும். மாசத்துக்கு ஒருத்தராவது வந்து நிப்பாங்க. "எங்க தாத்தா தவறிட்டாருங்க. எட்டு வருஷம் முன்னாடி அக்கா கல்யாணத்துல அவர் பேசின மாதிரி ஒரு இடம் வரும், அது மட்டும் கிடைக்குமா?" அண்ணன் அந்தப் பழைய ப்ராஜெக்டைத் திறப்பார். உள்ள பின் பின்னா பிரிச்சு பேர் போட்டு வெச்சிருப்பார்: 'பொண்ணு சைடு பெரியவங்க', 'மாப்பிள்ளை தாய்மாமன்', 'பந்தி'. முடிச்ச வீடியோவுல வராத, வெட்டி ஒதுக்கின துண்டுகூட அங்க இருக்கும். பத்து நிமிஷத்துல தாத்தாவைக் கண்டுபிடிச்சு பென்டிரைவ்ல போட்டுக் குடுத்துடுவார். பல நேரம் காசு வாங்கறதில்லை. இந்த ப்ராஜெக்ட் ஃபைலை ரிசால்வ்ல திறக்க முடியாது.

பாதி வழி இருக்கு, இல்லைன்னு சொல்லல. வெட்டு எங்கெங்க விழுந்துச்சுங்கற கணக்கை மட்டும் இடிஎல் என்ற சாதாரண டெக்ஸ்ட் ஃபைலா எழுதி எடுத்துட்டுப் போகலாம். சிஎம்எக்ஸ் கம்பெனி டேப் காலத்துல போட்ட அந்த ஃபார்மேட்டை இன்னிக்கும் பெரிய சாஃப்ட்வேர் எல்லாம் படிக்கும். நோட்பேட்ல திறந்தா மனுஷனே படிக்கலாம். அதை விட விவரமா ஏஏஎஃப், எக்ஸ்எம்எல் இருக்கு. பிக்சார் ஆரம்பிச்சு வெச்ச ஓப்பன் டைம்லைன் ஐஓ இருக்கு, ரிசால்வும் அதை ஏத்துக்குது. ஆனா இது எல்லாத்துலயும் ஒழுங்கா போய்ச் சேர்றது வெட்டு மட்டும்தான். டைட்டில், எஃபெக்ட், பூப்போட்ட ஃபிரேம், வருஷக்கணக்கா சேத்து வெச்ச டெம்ப்ளேட், எல்லாம் எல்லையிலயே இறக்கி விட்டுடுவாங்க.

பெரிய கம்பெனி மனசு வெச்சா இதை எவ்ளோ மோசமா பண்ண முடியும்ங்கறதுக்கு ஃபைனல் கட் ப்ரோ எக்ஸ் கதை தெரியுமில்லையா? 2011 ஜூன் 21. ஆப்பிள் 299 டாலருக்கு அதை வெளியிட்டுச்சு. டிராக் என்பதையே தூக்கிட்டாங்க, காந்தம் மாதிரி ஒட்டிக்கிற டைம்லைன். அதுகூடப் பரவாயில்லை, புதுசு பழகலாம். முந்தின ஃபைனல் கட் 7ல பண்ணின ப்ராஜெக்ட் புதுசுல திறக்காது! மல்ட்டிகேமரா இல்லை, எக்ஸ்எம்எல் இல்லை, இடிஎல் இல்லை. கூடவே பழையதை விக்கறதையும் நிறுத்திட்டாங்க. அமெரிக்க டிவி நிகழ்ச்சியில கோனன் ஓ'பிரையன் டீம் இதைக் கிண்டலடிச்சு ஒரு வீடியோவே போட்டாங்க. கேட்டவங்களுக்குக் காசைத் திருப்பிக் குடுத்து, செப்டம்பர்ல எக்ஸ்எம்எல், 2012 ஜனவரியில மல்ட்டிகேமரான்னு ஒவ்வொண்ணா திருப்பிக் கொண்டு வந்தாங்க. அதுக்குள்ள நிறைய எடிட்டருங்க பிரீமியர் பக்கம் ஓடிட்டாங்க. வேடிக்கை என்னன்னா, பிரீமியரோட முதல் பதிப்பு, ஃபைனல் கட், இந்த எக்ஸ் மூணுக்கும் பின்னால இருந்தது ராண்டி உபிலோஸ்ங்கற ஒரே மனுஷன். தான் பழக்கி விட்ட கைகளையே தானே குழப்பிட்டார் :-)

இன்னொரு பக்கம் பாருங்க. 2019ல வந்து ஆஸ்கார் அள்ளின 'பாரசைட்' படத்தை எடிட்டர் யாங் ஜின்-மோ வெட்டினது, 2011லயே ஆப்பிள் கைகழுவின அந்த ஃபைனல் கட் 7ல! எடிட்டிங்குக்கும் நாமினேஷன் வாங்கினார். "இன்னும் பழைய வெர்ஷனா?"ன்னு ஓசூர் ஸ்டுடியோக்காரரைப் பாத்து நக்கல் அடிக்கறவங்க சியோல் பக்கமும் கொஞ்சம் திரும்பிப் பாக்கலாம்.

அதுக்காக மாறவே கூடாதுங்கற கட்சி இல்லை நான். நம்ம தமிழ் சினிமாவுலயே 1994ல 'மகாநதி'தான் அவிட்ல எடிட் பண்ணின முதல் இந்தியப் படம்னு சொல்வாங்க. ஃபிலிமைக் கையில தொட்டு வெட்டி ஒட்டின ஆளுங்க மவுஸைப் பிடிச்சு உக்காந்தாங்க. வால்டர் மர்ச் 'தி இங்கிலீஷ் பேஷண்ட்' படத்தை ஃபிலிம்ல வெட்ட ஆரம்பிச்சு நடுவுல அவிட்டுக்கு மாறி, அதுக்கு ஆஸ்காரும் வாங்கினார். அப்படிப்பட்டவரே தன்னோட புத்தகத்துல ஒரு இழப்பைப் பத்தி எழுதியிருக்கார். ஃபிலிம் ரீல்ல ஒரு ஷாட்டைத் தேடணும்னா மத்ததை எல்லாம் ஓட்டிப் பாத்தே ஆகணும், அப்படிப் போற வழியில தேடினதை விட நல்லது ஒண்ணு கண்ணுல படும். கம்ப்யூட்டர் கேட்டதை மட்டும் நேரா எடுத்துக் குடுத்துடுது. மர்ச் பேரையே கேள்விப்படாத நம்ம அண்ணன் இதையே வேற மாதிரி சொல்வார். மினி டிவி டேப் காலத்துல ஒரு மணி நேர டேப்பைக் கம்ப்யூட்டர்ல ஏத்த ஒரு மணி நேரம் ஆகும். டீ குடிச்சுக்கிட்டே முழுசையும் பாத்துடுவார். "இப்ப கார்டைச் சொருகினா பத்து நிமிஷத்துல ஏறிடுது தம்பி. கல்யாணத்துக்கு யார் வந்தாங்க, யார் அழுதாங்கன்னே தெரியாம வெட்டிக்கிட்டிருக்கோம்."

இப்ப நமக்கு ரொம்ப நெருக்கமான மேட்டருக்கு வர்றேன்: எழுத்து. எந்தப் புது எடிட்டர் வந்தாலும் நான் முதல்ல டைப் பண்ணிப் பாக்கற வார்த்தை 'கொண்டாட்டம்'. கொம்பு முன்னால, கால் பின்னால, நடுவுல 'க' ஒழுங்கா வருதா? இல்லை கொம்பு தனியா புள்ளி வட்டத்தோட தொங்குதா? இ-கலப்பை காலத்துல இருந்து எழுதற பதிவர்களுக்கு இந்த வலி தெரியும். யூனிகோட் வந்து இத்தனை வருஷம் கழிச்சும், பல வீடியோ சாஃப்ட்வேர்ல ஆங்கிலத்துக்கு எழுதின டைட்டில் எஞ்சின்தான் ரொம்ப நாள் ஓடிச்சு. பிரீமியர்லயே சில பதிப்புகள்ல அமைப்புகளுக்குள்ள போய் தெற்காசிய எழுத்துக்கான எஞ்சினைத் தேர்வு செஞ்சாதான் தமிழ் ஒழுங்கா வரும். அதனாலதான் ஸ்டுடியோக்காரங்க இன்னும் பாமினி மாதிரி பழைய ஃபாண்டை விட மாட்டேங்கறாங்க. அது உள்ளுக்குள்ள வெறும் ஆங்கில எழுத்து, மேல தமிழ் வேஷம். எந்த சாஃப்ட்வேர்லயும் உடையாது. யூனிகோடுக்கு மாறச் சொல்லி அவங்களுக்கு உபதேசம் பண்றதுக்கு முன்னாடி, உடையாத டைட்டிலை அவங்களுக்குக் காட்டணும்.

ஓசூர்ல இது மூணு மடங்கு. இங்க பத்திரிகையே ரெண்டு மூணு பாஷையில அடிக்கற ஊரு. பொண்ணு பாகலூர் தெலுங்கு, மாப்பிள்ளை ஆனேக்கல் கன்னடம், மண்டபம் ஓசூர் தமிழ். ஒரே டைட்டில்ல மூணு லிபி வரணும். கன்னடத்துக்கு நுடி, பரஹான்னு அவங்க பக்கம் தனி ஃபாண்ட் கதை. ஒத்தக்ஷரம் கீழ இறங்கி உக்காரலைன்னா மாப்பிள்ளை பேரே மாறிப்போயிடும். மாப்பிள்ளை பேரைத் தப்பா போட்டு ஒரு வீடியோவைக் குடுத்தா, அதுல எவ்ளோ சினிமா கலர் இருந்தா என்ன, பேலன்ஸ் பணம் வருமா?

சரி, மாறணும்னு முடிவு பண்ணினவங்க எப்ப மாறலாம்? முகூர்த்தம் இல்லாத மாசத்துல. நம்ம ஊர்ல அதுலயும் ஒரு சிக்கல் இருக்கு. தமிழுக்கு ஆடி ஆகாது. தெலுங்கு, கன்னடக்காரங்களுக்கு ஆஷாடம் ஆகாது. ஆடி சூரியன் கணக்கு, ஜூலை நடுவுல பிறக்கும். ஆஷாடம் அமாவாசைக் கணக்கு, பெரும்பாலும் அதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சு முன்னாடியே முடிஞ்சிடும். சிராவணம் பிறந்ததும் அவங்க கல்யாணம் ஆரம்பிச்சிடும், நமக்கு இன்னும் ஆடி ஓடிக்கிட்டிருக்கும். ஆக ரெண்டு பக்கமும் காலியா இருக்கற நாள் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்ச நாள்லதான் அண்ணன் ரிசால்வ் பழகினார். அதுவும் புது ஆர்டர்ல இல்லை. ஏற்கெனவே டெலிவரி குடுத்து முடிச்ச ஒரு கல்யாணத்தை எடுத்து, அதே மூணு நிமிஷ ஹைலைட்ஸை புதுசுல மறுபடி வெட்டினார். என்ன வரணும்னு ஏற்கெனவே தெரியும், அதனால கவனம் முழுக்க கை மேலதான் இருந்துச்சு. யாராவது யோசனை கேட்டா நானும் இதைத்தான் சொல்றேன்.

இப்ப அண்ணன் ஸ்டுடியோல நிலவரம் இதுதான். முழு நீள வீடியோ எடியஸ்ல, ஹைலைட்ஸும் கலரும் ரிசால்வ்ல. புது வேலை ஒவ்வொண்ணு முடிஞ்சதும் ப்ராஜெக்ட் ஃபைலோட ஒரு இடிஎல்லும், டைட்டில் எதுவும் போடாத சுத்தமான ஒரு முழுப் பதிவும் ஹார்டுடிஸ்க்ல தனி ஃபோல்டர்ல போகுது. அது நான் விடாப்பிடியா நின்னு பண்ண வெச்சது. பழைய கம்ப்யூட்டரோட பவர் சப்ளை போன மாசம் புகைஞ்சிடுச்சு. பெங்களூர் எஸ்.பி. ரோட்டுல தேடிப் பிடிச்சு ஒண்ணு வாங்கிட்டு வந்து மாட்டியிருக்கோம். ஓடுது.